குற்றாலம் போகிறீர்களா? துண்டை எடுக்கும் முன் மலையைப் பாருங்கள்

எங்கள் பக்கம் ஆனி மாதத்தில் இரண்டு பேர் சந்தித்தால் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதற்கு முன்னால் "தண்ணி விழுதாமே?" என்றுதான் கேட்பார்கள். எந்தத் தண்ணீர், எங்கே விழுகிறது என்று யாரும் விளக்குவதில்லை, குற்றால அருவிதான் என்று எல்லாருக்கும் தெரியும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு காகிதத்தில் குற்றாலம் நெல்லை மாவட்டத்தில் இல்லைதான். ஆனால் பேட்டைக்காரரிடமோ பாளையங்கோட்டைக்காரரிடமோ போய் அது வேறு மாவட்டம் என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வேன் பிடித்துக் கிளம்பிவிடுவோம். யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குக் கிளம்புவது, யார் பையைப் பார்த்துக்கொள்வது என்கிற கணக்கெல்லாம் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. அப்படிக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் நாம் நிற்கும் இடத்தில் ஆழம் கிடையாது, நீச்சல் தெரியாதவரும் குளிக்கலாம், அதனாலேயே பலர் இதைப் பெரிய பாத்ரூம் ஷவர் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். ஆபத்து நம் காலடியில் இல்லை. மேலே, நம் கண்ணுக்கே தெரியாத காட்டுக்குள் பெய்கிற மழையில் இருக்கிறது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலை மேல் கொட்டித் தீர்க்கலாம். குற்றாலத்தில் அருவியாக விழுகிற சிற்றாறு, செங்குத்தான மலையிலிருந்து குறுகிய தூரத்தில் இறங்கி வருகிற ஆறு. பெரிய அருவிக்கு மேலே அந்தத் தண்ணீரைத் தடுத்து நிறுத்த அணை எதுவும் கிடையாது, பெய்த மழை கொஞ்ச நேரத்தில் அருவிக்கு வந்துவிடும்.

2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில் நடந்தது அதுதான். சீசன் தொடங்கவே இல்லை, கோடை மழைத் தண்ணீர்தான் விழுந்துகொண்டிருந்தது, ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று காட்டாற்று வெள்ளம் இறங்கி, பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. பாளையங்கோட்டைப் பையன். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் வேறு பேச்சே இல்லை.

எப்போது போவது

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாக உள்ளே வருவதால்தான் மலைக்கு இந்தப் பக்கம், மழை மறைவில் இருந்தும் குற்றாலத்துக்கு மழையும் சாரலும் கிடைக்கின்றன. ஜூன் தொடங்கி ஆகஸ்ட், சில வருஷம் செப்டம்பர் வரை சீசன். குடும்பத்தோடு போக இதுதான் சரியான காலம். அப்போது தண்ணீர் ஓரளவு சீராக விழும், போலீஸ் பாதுகாப்பு இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வேறு மாதிரி. ஒரே ராத்திரியில் கொட்டும், காலையில் அருவி செந்நிறமாகப் பாயும், குளிக்கத் தடை போடுவார்கள், இரண்டு நாளில் எடுப்பார்கள், மறுபடி போடுவார்கள். ஐயப்ப சீசன் கூட்டமும் அப்போதுதான் வரும். அந்த மாதங்களில் லாட்ஜுக்கு முன்பணம் கட்டுவதாக இருந்தால் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு கட்டுங்கள்.

ஆடி அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்ட் 15 மாதிரி நாட்களில் சின்னப் பிள்ளைகளோடும் வயசானவர்களோடும் போக வேண்டாம் என்பது என் கட்சி. தண்ணீரை விட அன்றைக்குக் கூட்டம்தான் பயம். ஈரப்பாறையில் பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால் முன்னால் நாலு பேர் விழுவார்கள். செவ்வாய், புதன் மாதிரி வார நாளில், விடியற்காலை ஐந்து மணி வாக்கில் அருவிக்கரையில் நின்றீர்கள் என்றால் ஆசை தீரக் குளித்துவிட்டு ஏழு மணிக்கு இட்லி சாப்பிடலாம்.

எந்த அருவி யாருக்கு

மெயின் அருவி என்கிற பேரருவி சுமார் 60 மீட்டர் உயரம். அத்தனை உயரத்திலிருந்து நேராகத் தலையில் விழுந்தால் யாராலும் நிற்க முடியாது. நடுவில் பொங்குமாங்கடல் என்று ஒரு பள்ளம் இருக்கிறது, தண்ணீர் முதலில் அதில் விழுந்து பொங்கி, வேகம் குறைந்து பாறையில் வழிந்து வருவதால்தான் நாம் கீழே நின்று குளிக்கிறோம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி, கைப்பிடிக் கம்பிகள் உண்டு. பாதுகாப்பு வளைவு என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள், உள்ளூரில் ஆர்ச் என்போம். தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி வெளியே விழுகிறது என்றால் குளிக்க விடமாட்டார்கள். மறுநாள் பேப்பரில் "பாதுகாப்பு வளைவைத் தாண்டி தண்ணீர் கொட்டியது" என்று வருவது இதைத்தான்.

ஐந்தருவி அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர். ஒரே ஓட்டம் பாறையில் ஐந்தாகப் பிரிந்து விழுகிறது. சில கிளையில் வேகம் அதிகம், சிலதில் குறைவு, உள்ளே போகும் முன் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு இடம் பிடியுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் புலியருவி நல்லது. தண்ணீர் குறைவாக, மெதுவாக விழும். பழைய குற்றாலம் ஆயிரப்பேரி பக்கம் தள்ளி இருக்கிறது, கடையம் வழியாக வருகிறவர்களுக்கு வசதி. அழகான இடம். ஆனால் மேலே சொன்ன சம்பவம் நடந்தது அங்கேதான் என்பதை மறக்க வேண்டாம். அங்கே எத்தனை மணி வரை விடுகிறார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறுகிறது, முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

செண்பகாதேவி, தேனருவி இரண்டும் பேரருவிக்கு மேலே காட்டுக்குள் இருக்கின்றன. "எனக்குக் குறுக்கு வழி தெரியும் மச்சான்" என்று ஒருத்தன் ஒவ்வொரு குழுவிலும் இருப்பான். அவனோடு போகாதீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறுவது குற்றம். அது தவிர, மேலே போலீஸும் கிடையாது, கம்பியும் கிடையாது, போன் சிக்னலை நம்ப முடியாது, வெள்ளம் வந்தால் சொல்ல ஆள் கிடையாது.

பையில் என்ன, வீட்டில் என்ன

நகையை வீட்டில் வையுங்கள். இதை நான் வருஷா வருஷம் சொல்லி, வருஷா வருஷம் யாராவது ஒரு சித்தி கம்மல் திருகாணியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் விழுகிற வேகத்தில் செயின் கொக்கி கழன்றுவிடும், கொலுசு கம்பியில் மாட்டும், மூக்குக்கண்ணாடி சொல்லவே வேண்டாம்.

ஆண்களுக்கு லுங்கி, வேட்டி வேண்டாம், காலைச் சுற்றிக்கொள்ளும். முழங்கால் வரைக்கும் டிரவுசர் போதும். பெண்கள் சேலையோடு போனால் தண்ணீர் கனத்தில் நடக்க முடியாது. அடர்த்தியான நிறத்தில் பருத்திச் சுடிதார் நல்லது, துப்பட்டாவைப் பையில் வைத்துவிடுங்கள். உடை மாற்றும் அறைகள் உண்டு, கூட்ட நாளில் வரிசை நீளம், ஆகவே பெரிய போர்வைத் துண்டு ஒன்று கையில் இருந்தால் அவசரத்துக்கு உதவும். யாராவது போனில் படம் எடுக்கிற மாதிரி இருந்தால் கூச்சப்படாமல் அங்கேயே நிற்கிற போலீஸிடம் சொல்லுங்கள், பெண்கள் உதவி எண் 181-உம் இருக்கிறது.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய், சீயக்காய் எதுவும் அருவிக்குள் கூடாது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை போட்ட உத்தரவு இது. தண்ணீர் கெடுவது ஒரு பக்கம், பாறையில் எண்ணெய் படிந்தால் அடுத்தவர் வழுக்கி விழுவார். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கூப்பிடுவார்கள், ஆசையாகத்தான் இருக்கும். உடம்பெல்லாம் எண்ணெயோடு கம்பியைப் பிடித்தால் கை நிற்காது என்பதால் நான் குளித்து முடித்து, சாயங்காலம்தான் உட்காருவேன். காசை முதலிலேயே பேசிவிடுங்கள், என்ன எண்ணெய் என்றும் கேளுங்கள்.

மற்றபடி ஆளுக்கு ஒரு செட் உலர்ந்த துணி, ஈரத்துணிக்குத் தனிப் பை, காயத்துக்கு மருந்தும் கட்டுத்துணியும், தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அவர்கள் மாத்திரை, போனுக்கு ஜிப் வைத்த கவர். பிள்ளைகளின் முழங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் போன் நம்பர் எழுதுவோம், தண்ணீரில் அழிந்துவிடும் என்பதால் பனியன் உள்பக்கத்திலும் துணி மார்க்கரால் எழுதிவிடுங்கள். கூட்ட நாளில் போன் கிடைக்காது, தொலைந்தால் எங்கே வந்து நிற்பது என்று முதலிலேயே பேசிவைக்க வேண்டும். எங்களுக்குக் குற்றாலநாதர் கோயில் வாசல்.

கிளம்புகிற அன்று

முதல் நாள் ராத்திரியும் அன்றைக்குக் காலையும் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். தென்காசி மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் தேதியை மாற்றுங்கள், சிவப்பு என்றால் பேச்சே வேண்டாம். குளிக்கத் தடை இருக்கிறதா என்பதை உள்ளூர்ச் செய்தியில் பார்க்கலாம், இல்லை, மேலகரத்திலோ இலஞ்சியிலோ ஒரு சொந்தக்காரர் இருந்தால் ஒரு போன். எங்கள் மாமா ஒருவர் அந்தப் பக்கம் இருக்கிறார், சீசனில் அவருக்கு வருகிற போனை எல்லாம் கணக்கெடுத்தால் பாவமாக இருக்கும்.

நெல்லையிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழி சாலை, தென்காசி 55 கிலோமீட்டர் வாக்கில் வரும், அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். ரயிலென்றால் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகச் செங்கோட்டை போகும் வண்டி, தென்காசியில் இறங்கி பஸ். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது.

பாவூர்சத்திரம் தாண்டியதும் மேற்கே மலையைப் பாருங்கள். மலை மேல் வெள்ளையாக மேகம் தவழ்ந்து, மெல்லிய தூறலும் நடுநடுவே வெயிலும் என்றால் அது சாரல், சந்தோஷமாகப் போகலாம். மலையே தெரியாத அளவுக்குக் கருத்து, இடி கேட்டால் மேலே மழை கொட்டுகிறது என்று அர்த்தம். இன்னொரு அடையாளம் எங்கள் அத்தை சொல்லிக்கொடுத்தது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் குற்றாலத்திலிருந்து திரும்பி வருகிறவர்களின் தலையைப் பாருங்கள். ஈரமாக இருந்தால் விடுகிறார்கள், காய்ந்திருந்தால் தடை. இதுவரை பொய்த்ததில்லை.

அருவிக்கு அடியில்

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நேராகத் தண்ணீருக்குள் போகாதீர்கள், குடித்துவிட்டு அறவே கூடாது. இருதய நோய், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் அருவிக்கு நேர் அடியில் நிற்க வேண்டாம். ஓரத்தில் தெறிக்கிற தண்ணீரே போதுமான குளியல். குளிர்ந்த தண்ணீர் திடீரென்று விழுந்தால் மூச்சு ஒரு நொடி அடைக்கும், அதனால் முதலில் காலை, பிறகு கையை நனைத்து, பக்கவாட்டிலிருந்து மெதுவாக நுழையுங்கள். ஒரு கை எப்போதும் கம்பியைப் பிடித்திருக்க வேண்டும். தலையைக் குனிந்து, முதுகிலும் தோளிலும் தண்ணீரை வாங்குங்கள். உச்சந்தலையில் வாங்குவது வீரம் இல்லை, கழுத்து பிடித்துக்கொண்டால் பத்து நாள் தலையைத் திருப்ப முடியாது. அண்ணாந்து பார்க்காதீர்கள். தண்ணீரோடு சின்னக் கல் உருண்டு வரும், குச்சி வரும்.

பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அருவிக்குள் நுழைகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நீங்கள் வழுக்கினால் பிள்ளை உங்களை விட உயரத்திலிருந்து விழுகிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரிய ஆள், மணிக்கட்டைப் பிடித்து, ஓரத்தில் மட்டும். விரலைப் பிடித்தால் நழுவும்.

பத்து, பதினைந்து நிமிஷம் குளித்து வெளியே வாருங்கள். பல் தந்தியடிக்க ஆரம்பித்தால் உடனே. பிறகு திரும்பப் போகலாம், அருவி எங்கேயும் ஓடிவிடாது. பாறையில் பச்சையாகப் பாசி தெரிகிற இடத்தில் கால் வைக்காதீர்கள், யாரோ உடைத்துப் போட்ட பாட்டில் கண்ணாடியும் கிடக்கும். எங்களோடு வந்த ஒருவருக்கு குதிகால் கிழிந்து தையல் போட வேண்டியிருந்தது, அதுவும் குளித்து முடித்து செருப்புக்காக நடந்து வந்தபோது.

தண்ணீரின் நிறம் மாறினால்

இந்தப் பகுதியை மட்டும் வேனில் எல்லாருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். வெள்ளம் வரும் முன் அடையாளம் காட்டலாம், காட்டாமலும் வரலாம். தெளிவாக விழுந்த தண்ணீர் கலங்கி மண் நிறமாகும். இலை, சருகு, குச்சி சேர்ந்து வரும். சத்தம் கனக்கும், பேசிக்கொண்டிருந்த ஆள் சொல்வது திடீரென்று கேட்காமல் போகும். காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி இருக்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும், போலீஸ் விசில் கேட்டாலும், ஏன் என்று கேட்காமல் வெளியேறுங்கள்.

வெளியேறும்போது தண்ணீர் ஓடுகிற திசையில் ஓடாதீர்கள், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். அருவிக்குக் கீழே தண்ணீர் போகிற வாய்க்கால், அதன் மேலுள்ள சின்னப் பாலம், படி இவற்றில் நிற்பதும் ஆபத்துதான். செருப்பு, துண்டு, பை, போன் எதற்கும் திரும்பாதீர்கள். யாராவது இழுபட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறு, சேலை, நீளமான துண்டு எது கிடைத்தாலும் கரையில் நின்று வீசுங்கள், 112-க்கும் 108-க்கும் கூப்பிடுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. இந்த நம்பர்களைப் போனில் முன்கூட்டியே பதிந்துவையுங்கள்.

குரங்கு

சிரிக்காதீர்கள், தனித் தலைப்பு அதற்குத் தகும். பாலித்தீன் பை சலசலத்தால் அதற்குச் சாப்பாட்டு மணி அடித்த மாதிரி. மங்குஸ்தானோ ரம்புட்டானோ வாங்கினால் துணிப்பைக்குள் போட்டு மூடிவிடுங்கள். பிடுங்க வந்தால் இழுபறி பண்ணாமல் விட்டுவிடுங்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதன் மொழியில் அது சண்டைக்கு அழைப்பது. கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள். மஞ்சள், காப்பித்தூள் வைத்துக் கட்ட வேண்டாம்.

தடை போட்டுவிட்டால்

ஒரு வருஷம் பதினாறு பேர், புளியோதரையும் துவையலும் கட்டிக்கொண்டு போய் இறங்கினால் மெயின் அருவி, ஐந்தருவி இரண்டிலும் தடை. அத்தை விடவில்லை. அங்கே நின்ற போலீஸ்காரரிடம் போய், "ஏ ஐயா, தூரத்துல இருந்து வந்திருக்கோம், ஓரமா நின்னு தலைய மட்டும் நனைச்சுக்கிடுதோமே" என்றார். அவர், "ஆச்சி, தண்ணியப் பாருங்க, நீங்களே சொல்லுங்க" என்று திரும்பிக் காட்டினார். செம்மண் கரைத்த மாதிரி ஆர்ச்சுக்கு வெளியே வந்து விழுந்துகொண்டிருந்தது. அத்தை ஒரு நிமிஷம் பார்த்தார், அப்புறம் எங்களைத் திட்ட ஆரம்பித்துவிட்டார், முன்னாலேயே விசாரித்திருக்க வேண்டாமா என்று.

ஆகவே குளிக்காமல் திரும்பினாலும் நஷ்டமாகத் தோன்றாத மாதிரி நாளைத் திட்டமிடுங்கள். தடை நாளில் விபரீதம் செய்கிறவர்கள் பெரும்பாலும் "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று நினைத்தவர்கள்தான். குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவத்தில் கட்டியது. பக்கத்தில் சித்திர சபை, நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று, சுவரெல்லாம் ஓவியம். நம் நெல்லையப்பர் கோயில் தாமிர சபையைப் பார்த்தவர்கள் இதையும் பார்க்க வேண்டும். தென்காசி கோபுரம், இலஞ்சிக் குமாரர், பண்பொழி திருமலைக்கோயில் என்று ஒரு சுற்று. கோயில் வேண்டாமென்றால் சுந்தரபாண்டியபுரம் வயல்வெளி இருக்கிறது. அணை, ஓடை என்று வேறு தண்ணீர் தேடிப் போய் இறங்காதீர்கள், அங்கே இறங்கினால் பார்க்கக்கூட ஆள் இருக்காது.

திரும்பும்போது

ஈரத்துணியை மாற்றாமல் வண்டி ஏறாதீர்கள், பிள்ளைகளின் காதையும் தலையையும் நன்றாகத் துவட்டுங்கள். வேன் கதவைச் சாத்தும் முன் தலை எண்ணுங்கள், பெயர் சொல்லி எண்ணுங்கள், எண்ணிக்கை சரியாக வந்து ஆள் மாறிப்போன கதையெல்லாம் உண்டு. அப்புறம், அருவியில் குளித்துவிட்டு செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டால் வருகிற தூக்கம் சாதாரணத் தூக்கம் இல்லை. பைக்கில் வந்த பையன்களுக்கும் சொந்தக் கார் ஓட்டி வந்தவர்களுக்கும் இது முக்கியம், ஒரு மணி நேரம் எங்காவது படுத்துவிட்டுக் கிளம்புங்கள். எங்கள் டிரைவர் அண்ணனுக்கு நாங்கள் போட்டிருக்கிற விதி, குளிக்கலாம், பரோட்டா இரண்டுக்கு மேல் கிடையாது, ஆலங்குளத்தில் கட்டாயம் ஒரு டீ. முன்சீட்டில் யார் உட்கார்ந்தாலும் தூங்கக் கூடாது.